ருவாண்டா தொடருக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 1994இல் இனப்படுகொலைக்கு ஆளான துட்சி மக்களின் கதையைத் தமிழில் ஒரு தொடராக எழுதி முடித்துவிட்டேன். பெயர் என்னுடையது, பாதி உழைப்பு மற்றவர்களுடையது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் என்னோடு வேலை பார்க்கும் நண்பருக்கு. துட்சிகளுக்கு எதிரான 1959 கலவரத்தில் அவர் தாத்தா குடும்பம் உகாண்டாவுக்கு ஓடியது, அவர் பிறந்ததே அகதி முகாமில்தான். பெரும்பான்மை ஹூட்டுகளுக்கும் சிறுபான்மைத் துட்சிகளுக்கும் நடந்ததை யாராவது ஆதிகாலத்துக் குலச்சண்டை என்றால் அவருக்குப் பொறுக்காது. ஒரே கின்யர்வாண்டா மொழி, ஒரே தேவாலயம், ஒரே குன்றில் அடுத்தடுத்த வீடு, பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு, இத்தனையும் இருந்த இடத்தில் 1930களில் நாட்டை ஆண்ட பெல்ஜியக்காரர்கள் அடையாள அட்டையில் இனத்தை எழுதி இறுக்கிவிட்டார்கள் என்பதை அவர்தான் உட்காரவைத்து விளக்கினார்.

அந்த அட்டையைக் காட்டி, நான் கேட்ட எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்ன கிகாலியின் கிசோசி இனப்படுகொலை நினைவகத்து வழிகாட்டிக்கும் நன்றி. ஹூட்டு, துட்சி, ட்வா என்று நாட்டின் மூன்று இனங்களும் வரிசையாக அச்சாகியிருக்கிறது, பொருந்தாததைப் பேனாவால் அடித்திருக்கிறார்கள். அப்பா எதுவோ பிள்ளையும் அதுவே. 1994 ஏப்ரல் 6 இரவு ஜனாதிபதி ஹபியாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதும் சாலைத் தடுப்புகளில் ஹூட்டுக் கொலைக்கும்பல்கள் கேட்டது இந்த அட்டையைத்தான். அடிபடாமல் நிற்கும் சொல் துட்சி என்றால் உயிர் போச்சு. சுமார் 100 நாளில் 8 லட்சம் பேர் என்று பரவலாகச் சொல்கிறார்கள், ருவாண்டா அரசு 10 லட்சத்துக்கு மேல் என்கிறது. கொல்ல மறுத்த ஹூட்டுகளும் அதில் உண்டு.

அப்புறம் நியாமாட்டா என்ற ஊரில் பார்த்த அம்மா. அங்கே கொலை நடந்த தேவாலயத்தின் பெஞ்சுகளில் இறந்தவர்களின் துணிகள் மண்நிறமாகிக் குவிந்து கிடக்கின்றன, தகரக் கூரையெல்லாம் பொத்தல். அங்கே நின்றுகொண்டு அவர் பேசினார், குரல் உடையும்போது நிறுத்தினார், மறுபடி பேசினார். காப்பாற்றியவர்களையும் எழுது தம்பி என்றார். அதனால்தான் சூரா கருஹிம்பியின் பகுதி வந்தது. அவர் ஒரு ஹூட்டு நாட்டுவைத்தியர், பேய் பிடிக்கும் என்று கொலைகாரர்களை மிரட்டி நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தன் வீட்டில் ஒளித்துவைத்தவர். செனகல் நாட்டுக் கேப்டன் ம்பாயே தியாஞ்ஞும் அப்படித்தான் வந்தார். கையில் ஆயுதமில்லாத ஐ.நா. பார்வையாளர், தடுப்புக்குத் தடுப்பு பேசிப்பேசியே ஆட்களை வண்டியில் கடத்திக்கொண்டுபோனார், மே 31 அன்று குண்டு விழுந்து இறந்தார்.

அந்த அம்மா பேசியதை எனக்கு மொழிபெயர்த்த தங்கைக்கும், இரவெல்லாம் மெய்ப்புப் பார்த்த இருவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை.