மார்பிள் படகில் மார்பிள் எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பெய்ஜிங் கோடைக்கால அரண்மனையைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். படம் நன்றாக வந்திருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படத்துக்குக் கீழே "முழுக்க முழுக்க வெள்ளை மார்பிளால் ஆன அதிசயக் கப்பல்" என்று ஒரு வரி இருந்தது பாருங்கள், டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். நான் பர்கூர் பக்கம் முப்பது வருடமாகக் கிரானைட் தொழிலில் இருக்கிறவன். சென்ற ஆண்டு மார்ச் மாதம் சியாமென் கல் கண்காட்சிக்குப் போன கையோடு, அவ்வளவு தூரம் வந்தாயிற்று, இதையும் பார்த்துவிடுவோம் என்று மச்சானையும் இழுத்துக்கொண்டு பெய்ஜிங் போய், அந்தப் படகின் முன்னால் அரை மணி நேரம் நின்றவன். அதனால்தான் எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தப் படகில் கல் என்பது அடித்தளம் மட்டும்தான். பெரிய பெரிய கல் பாளங்களை அடுக்கி, 36 மீட்டர் நீளத்துக்குக் கரையோரம் தண்ணீருக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். அதன் மேலே நிற்கிற இரண்டு அடுக்கு மாடி இருக்கிறதே, அது முழுக்க மரம். மரத்துக்கு மார்பிள் மாதிரி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். உள்ளே விடமாட்டார்கள், கரையிலிருந்துதான் பார்க்க வேண்டும், ஆனால் செல்ஃபோனில் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கல்லில் ரேகை ஓடுவது வேறு, தூரிகை ஓடுவது வேறு. மச்சான் மட்டும் கடைசி வரை நம்பவில்லை, "ராஜா வீட்டில் போய் டூப்ளிகேட் வைப்பார்களா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். வைத்திருக்கிறார்கள். ஆனால் வேலை மட்டமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மேல்தளத்தில் விழுகிற மழைத் தண்ணீர் நான்கு தூண்களுக்குள்ளே குழாய் மாதிரி இறங்கி, கீழே டிராகன் வாய் வழியாக ஏரியில் விழுகிற மாதிரி செய்திருக்கிறார்கள். நம் ஊரில் புது வீடு கட்டினால் மொட்டை மாடித் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில்தான் இறங்கும்.

சரி, ஏன் மரம்? இங்கேதான் உங்கள் கட்டுரை விட்ட விஷயமே இருக்கிறது. அதைப் படிக்கிறவர்கள் ஏதோ காலங்காலமாக ராஜாக்கள் நிம்மதியாக உலாவிய தோட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த இடம் இரண்டு முறை நாசமாகி மறுபடி எழுந்த இடம். முதலில் கட்டியவர் சியன்லோங் பேரரசர், 1750-ல், தன் அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளை ஒட்டி. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணச் சீர். படகும் அவர் காலத்தில், 1755-ல் வந்ததுதான். தண்ணீர் படகைத் தாங்கும், கவிழ்க்கவும் செய்யும் என்று தாங் வம்ச காலத்தில் ஒரு மந்திரி தன் அரசரிடம் சொன்னாராம், படகு என்றால் அரசர், தண்ணீர் என்றால் குடிமக்கள். கல்லில் படகு கட்டினால் யார் கவிழ்ப்பது என்கிற தைரியம் சியன்லோங்குக்கு. நூறு வருடம் கழித்து 1860-ல், இரண்டாம் அபினிப் போரில், ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் வந்து தீ வைத்தன. பக்கத்தில் இருந்த பழைய அரண்மனைத் தோட்டமான யுவான்மிங்யுவானும் அந்த அக்டோபரில்தான் எரிந்தது. படகின் கல் அடித்தளம் தப்பித்தது, மேலே இருந்த மர மண்டபம் போயிற்று. இப்போது நாம் பார்க்கிற மாடி 1893-ல் சிஷி பேரரசி காலத்தில் வைத்தது. இரண்டு பக்கமும் நீராவிக் கப்பல் சக்கரம் வைத்து வெளிநாட்டுக் கப்பல் ஜாடையில் கட்டியிருக்கிறார்கள். கடற்படைக்கு ஒதுக்கிய பணத்தைத் திருப்பித்தான் அந்த அம்மா தோட்டம் முழுவதையும் புதுப்பித்தார், 1888-ல் யிஹேயுவான் என்று பெயரும் மாற்றினார். அடுத்த 1894-95-ல் ஜப்பானிடம் சீனக் கடற்படை தோற்றுப்போனது. 1900-ல் எட்டு வெளிநாடுகளின் கூட்டுப் படை உள்ளே புகுந்து மறுபடி ஒரு சேதம்.

இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது ஐயா. கம்பெனி ஏலத்தில் விட்டு சீனாவுக்குப் போன அபினி எங்கே விளைந்தது? பீகாரிலும் காசிப் பக்கமும். கிழக்கிந்தியக் கம்பெனிதான் அதற்கு ஏகபோக வியாபாரி. 1792-ல் திப்புவிடமிருந்து நம் பாரமகாலை வாங்கிக்கொண்டதே, கிருஷ்ணகிரி, தருமபுரி எல்லாம் சேர்த்து, அதே கம்பெனிதான். அதற்கு அடுத்த வருடமே 1793-ல், வியாபாரத்துக்குக் கதவைத் திறந்துவிடுங்கள் என்று சியன்லோங்கிடம் கேட்கப் போன ஆங்கிலேயத் தூதர் மெக்கார்ட்னி, 1781 முதல் 1785 வரை நம் சென்னையில் கவர்னராக இருந்தவர். கேட்டது கிடைக்கவில்லை, திரும்பி வந்தார். பிறகு நடந்ததுதான் அபினிப் போர்கள். 1860-ல் போன படையில் பஞ்சாபிகளும் சீக்கியர்களும் இருந்தார்கள், மதராஸ் சாப்பர்ஸ் என்கிற, பாதையும் பாலமும் போடுகிற ராணுவப் பிரிவும் போயிருக்கிறது. எரிக்கச் சொல்லி உத்தரவிட்ட எல்ஜின் பிரபு 1862-ல் இந்தியாவுக்கே வைஸ்ராயாக வந்து, மறு வருடம் தர்மசாலாவில் செத்துப்போனார். ஏரிக்கரையில் நின்று இதையெல்லாம் மச்சானிடம் சொன்னேன். "அப்போ நம்மாளுங்களும் இருந்திருக்காங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார்.

மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை. போச்சம்பள்ளி பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறவர். அரண்மனை, ஓவியம், பேரரசி எதுவும் அவருக்கு ஏறவில்லை. ஏரியைப் பார்த்ததும் முதல் கேள்வி, "மதகு எங்கே?" சிரித்துவிட்டேன், ஆனால் யோசித்துப் பார்த்தால் சரியான கேள்வி. அந்தக் குன்மிங் ஏரி அழகுக்காக மட்டும் தோண்டியது இல்லை. பெய்ஜிங் நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்க யுவான் வம்ச காலத்திலிருந்தே அங்கே தண்ணீரைத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள், அதைத்தான் சியன்லோங் தூர் வாரி அகலப்படுத்தினார். தோண்டிய மண்ணைப் பக்கத்துக் குன்றில் கொட்டி உயர்த்தினார்கள், 60 மீட்டர் உயரத்தில் நிற்கிறதே ஆயுள் மலை, அதுதான். மொத்தம் 290 ஹெக்டேர் வளாகத்தில் முக்கால் பங்கு தண்ணீர். ஆழம் என்று பார்த்தால் சராசரி ஒன்றரை மீட்டர்தான். கரையில் வெண்கல மாடு ஒன்று படுத்திருக்கிறது, அதுவும் 1755, வெள்ளத்தை அடக்க வைத்த மாடு. மச்சான் அந்த மாட்டின் பக்கத்தில் நின்று நாலு படம் எடுத்துக்கொண்டார். கொம்பும் காதும் நிஜ மாட்டுக்கு இருக்கிற மாதிரியே இருக்கிறதாம், மாடு வளர்க்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அப்புறம் பதினேழு கண் பாலம், 150 மீட்டர். கைப்பிடித் தூண் ஒவ்வொன்றின் மேலும் கல் சிங்கம், மொத்தம் 544. நான் எண்ணவில்லை, ஆனால் இருபது, முப்பதையாவது உற்றுப் பார்த்தேன், ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு என் கண்ணில் படவில்லை. ஒன்று குட்டியை மடியில் வைத்திருக்கிறது, ஒன்று எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறது. இங்கிருந்து நாம் கல்லைப் பிளாக்காக வெட்டி லாரியில் ஏற்றி, சென்னைத் துறைமுகம் வழியாக அனுப்பிவிட்டு டன் கணக்குப் பார்க்கிறோம். அங்கே அறுத்து, மெருகேற்றி, செதுக்கி விற்கிறார்கள், காசு எங்கே நிற்கிறது என்று சொல்லத் தேவையில்லை. இது எங்கள் தொழில் புலம்பல், இதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறேன்.

என்னை நிஜமாகவே பிடித்து நிறுத்தியது உங்கள் கட்டுரையில் பெயர்கூட வராத ஒரு பாறை. சிஷி வசித்த லெஷோதாங் என்கிற கூடத்தின் முற்றத்தில், செதுக்கிய பீடத்தின் மேல் கிடத்தியிருக்கிறது. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம், அரித்து அரித்து ஓட்டையும் மடிப்புமாக, கறுத்த பச்சை நிறம். நம் குவாரியில் இப்படி ஒன்று வந்தால் சைஸுக்கு ஆகாது என்று ஓரமாகத் தள்ளிவிடுவோம். மிங் வம்ச காலத்தில் மி வான்சோங் என்று ஒரு அதிகாரி, கல் பைத்தியம் பிடித்தவர், ஃபாங்ஷான் மலையில் இதைக் கண்டுபிடித்து, எப்படியாவது தன் வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று பாதை போட்டு, ஆள் வைத்து, மாடு கட்டி இழுத்து, கையில் இருந்த பணமெல்லாம் கரைந்து வழியிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். அதனால் அதற்குப் பெயரே குடிகெடுத்த கல். நூறு வருடத்துக்கு மேல் அநாதையாகக் கிடந்ததை சியன்லோங் பார்த்துவிட்டு இங்கே கொண்டுவரச் சொன்னாராம். வாசலில் நுழையவில்லை. வாசலை இடித்து உள்ளே கொண்டுபோகச் சொன்னார். ஏற்கெனவே ஒரு குடியைக் கெடுத்தது, இப்போது நம் வாசலையும் இடிக்கிறதா என்று அவருடைய அம்மா சண்டை பிடித்ததாகக் கதை சொல்கிறார்கள்.

எனக்கு என் வீட்டுக்காரி ஞாபகம் வந்துவிட்டது. பத்து, பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு குவாரியில் பாரடிசோ என்கிற கிரானைட் வகையில் அருமையான பிளாக் ஒன்றைப் பார்த்து, ரேகையில் மயங்கி, கேட்ட விலைக்கு அட்வான்ஸ் கொடுத்து எடுத்துவந்தேன். மேலே தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. மெஷினில் ஏற்றி நாலாவது ஸ்லாப் வரும்போது உள்ளே முடி கனத்துக்கு ஒரு விரிசல், குறுக்கே, கடைசி ஸ்லாப் வரை. அந்தத் துண்டுகள் இன்னும் பட்டறை வாசலில் துணி துவைக்கிற கல்லாகக் கிடக்கின்றன. அந்த முற்றத்திலிருந்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டு, "பார், நம்ம ஆள் ஒருத்தர் இங்கேயும் இருந்திருக்கார்" என்று காட்டினேன். "அவருக்காவது ராஜா வந்து வாங்கிக்கிட்டார்" என்றாள்.

நீள்நடையைப் பற்றி நீங்களே எழுதிவிட்டீர்கள், 728 மீட்டர் கூரை போட்ட நடை, உத்தரம் உத்தரமாக ஓவியம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அதுவும் 1860-ல் எரிந்து 1886-ல் திரும்பக் கட்டியதுதான், பெயிண்ட் மங்க மங்கப் புதுப்பிக்கிறார்கள். பார்க்கப் புத்தம் புதிதாக இருப்பது எனக்கு முதலில் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு பாட்டி பேரனைத் தூக்கி நிறுத்தி, மேலே ஓவியத்தில் இருக்கிற, சீனக் கதைகளில் வருகிற குரங்கு வீரனைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார், அதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் இருக்கிற ஓவியங்களை என் பிள்ளைகளுக்கு நான் ஒரு நாளும் காட்டியதில்லை, ஊருக்கு வந்த மறு வாரம் போனோம். கழுத்தை அண்ணாந்து, செல்ஃபோன் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, எது இராமாயணம், எது பாரதம் என்று பிள்ளை கேட்டபோது எனக்கு முழுதாகச் சொல்லத் தெரியவில்லை.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். மெட்ரோ 4-ஆம் தடத்தில் பெய்கோங்மென் நிலையத்தில் இறங்கினால் வடக்கு வாசல். டிக்கெட் நவம்பரில் இருந்து மார்ச் வரை 20 யுவான், ஏப்ரலில் இருந்து அக்டோபர் வரை 30, உள்ளே சில இடங்களுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். பாஸ்போர்ட்டை ஹோட்டலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், நாங்கள் அப்படிப் போய் ஒருமுறை திரும்பி வந்தோம். முழங்கால் வலி இருந்தால் மலை மேல் இருக்கிற 41 மீட்டர் புத்தர் கோபுரத்தைக் கீழிருந்தே கும்பிட்டுவிடலாம். காலையில் சீக்கிரம் போனால் உள்ளூர்ப் பெரியவர்கள் பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருப்பார்கள். ஒருவர் துடைப்பம் மாதிரி நீளத் தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துத் தரைக் கல்லில் எழுத்து எழுதிக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று சைகையில் கேட்டார், செல்ஃபோனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். "யின்து" என்று சொல்லிக்கொண்டே இரண்டு எழுத்தை எழுதிக் காட்டினார், இந்தியாவாம். படம் எடுக்க மச்சான் தயாராவதற்குள் முதல் எழுத்து பாதி காய்ந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும்: "அடித்தளம் கல், மேல்மாடி மரம்." இடம் இருந்தால் 1860 என்கிற வருடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படம் வேண்டுமென்றால் என்னிடம் நூற்று நாற்பது இருக்கிறது, அனுப்புகிறேன், ஆனால் பாதிக்கு மேல் மச்சான் குறுக்கே நிற்பார், வெட்டித்தான் போட வேண்டும்.

இப்படிக்கு,
கிரானைட் வியாபாரி ஒருவர்,
பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.