ஆறாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளைகளுக்காக

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஆப்கானிஸ்தானில் ஆறாம் வகுப்புத் தேர்வில் வேண்டுமென்றே தோற்கும் சிறுமிகள் இருக்கிறார்கள். படிப்பு வராமல் இல்லை. தேறிவிட்டால் அதன்பின் வீடுதான். தோற்றால் இன்னும் ஒரு வருஷம் பள்ளிக்கூட வாசலை மிதிக்கலாம்.

2021 ஆகஸ்ட் 15 அன்று தலிபான்கள் காபூலைப் பிடித்தார்கள். அடுத்த மாதமே ஏழாம் வகுப்பு முதலான மேல்வகுப்புகள் பையன்களுக்கு மட்டும் திறந்தன. 2022 மார்ச் 23 அன்று பெண்பிள்ளைகளும் வரலாம் என்று சொல்ல, பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் சில மணி நேரத்தில் அழுதுகொண்டே திரும்பினார்கள். அந்த டிசம்பரில் பெண்களுக்குப் பல்கலைக்கழகமும் மூடியது. 2024 டிசம்பரில் செவிலியர், மகப்பேறுப் படிப்புகளும் போயின. நாளை அங்கே பிரசவம் பார்க்க யார் இருப்பார்கள்?

எங்களை மிகவும் வதைப்பது 2022 மே மாத ஆணை. பெண் முகத்தை மூடாமல் வெளியே வந்தால் அவளுடைய அப்பாவுக்கோ அண்ணனுக்கோ முதலில் எச்சரிக்கை, பிறகு விசாரணை, பிறகு மூன்று நாள் சிறை. அரசு ஊழியர் என்றால் வேலையும் போகலாம். பெற்ற அப்பாவையே மகளுக்குக் காவல்காரர் ஆக்கிவிட்டார்கள். அப்படியும் கதவைத் தாழிட்டுவிட்டு மகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் அப்பாக்கள் அங்கே இருக்கிறார்கள்.

இது அவர்களுக்குப் பழகிய துணிச்சல். தலிபான்களின் முதல் ஆட்சியில் ஹெராத் நகரப் பெண்கள் 'தங்க ஊசி' என்ற தையல் வகுப்புக்குப் போனார்கள். பையில் மேலே துணியும் கத்தரிக்கோலும், அடியில் நோட்டுப் புத்தகம். உள்ளே நடந்தது இலக்கியப் பாடம். வெளியே விளையாடிய குழந்தைகள்தான் காவல்.

எங்கள் குழுவின் வேலை சிறியது. டெல்லி லஜ்பத் நகர், போகல் பக்கம் வாழும் ஆப்கானிய ஆசிரியைகளைக் கொண்டு ஏழாம் வகுப்பு முதல் பாடங்களை தாரி, பஷ்தோ மொழிகளில் ஒலிப்பதிவு செய்து மெமரி கார்டில் ஏற்றுகிறோம். இணையத்தை நம்ப முடியாது. 2025 செப்டம்பர் கடைசியில் நாடு முழுக்க இணையத்தை இரண்டு நாள் அடியோடு துண்டித்தார்கள். கார்டு இருந்தால் சாதாரண பட்டன் போன் போதும். பின்னம் நடத்தும் ஆசிரியை, "விரிப்பில் இருக்கும் ரொட்டியை எடு, நாலாகப் பிய்" என்று தொடங்குகிறார். அந்தக் குரலைக் கேட்டபோது, முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த எங்கள் பொருளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எட்டாம் வகுப்பு அறிவியலோடு பணம் நின்றுவிட்டது. ஒரு பாடம் பதிவு செய்ய, ஆசிரியையின் ஊதியமும் ஒலிக்கூட வாடகையும் சேர்த்து 1,800 ரூபாய் ஆகிறது. இன்னும் 140 பாடங்கள் பாக்கி. ஒருவர் ஒரு பாடத்தை ஏற்றாலும் சரி, நாலு பேர் சேர்ந்து ஏற்றாலும் சரி, 100 ரூபாய் கொடுத்தாலும் சரி. நன்கொடைப் பணம் முழுவதும் இந்தியாவிலேயே செலவாகிறது. கணக்கை மாதாமாதம் அனுப்புவோம். கார்டுகள் எப்படிப் போய்ச் சேருகின்றன என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். படம், பெயர், ஊர் எதுவும் தர மாட்டோம். ஒரு குடும்பம் மாட்டிக்கொள்ள அது போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை வைத்து ஒரு மதத்தைத் தூற்ற வருகிறவர்களின் பணம் எங்களுக்கு வேண்டாம். இந்தத் தடையை முஸ்லிம் நாடுகளின் கூட்டமைப்பான இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பே கண்டித்திருக்கிறது. எங்கள் குழுவில் முதல் ரசீது வாங்கியவர் ஒரு பள்ளிவாசல் இமாம்.

வங்கிக் கணக்கு விவரத்தைக் குழு உறுப்பினர் எவரிடமும் கேட்டுப் பெறலாம். அடுத்த ஒலிப்பதிவுக்கு ஆசிரியைகள் தயாராக இருக்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பினால் ஒன்பதாம் வகுப்பையும் தொடங்கிவிடுவோம்.

அன்புடன்,
குழுவினர்