அந்த பயோடேட்டாவை அழித்தே ஆகவேண்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கல்யாணமாகி இத்தனை நாள் கழித்தும் "ஜாதகம் பார்த்தோம்" என்று யாரோ உன் நம்பருக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. உன் நம்பரைக் கூகுளில் போட்டுத் தேடினேன். ஒரு வரன் தேடும் தளத்தில் உன் பயோடேட்டா அப்படியே கிடக்கிறது. முழுப் பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர், நட்சத்திரம், அம்மா பெயர், சம்பளம், பச்சைப் பட்டுப் புடவையில் நீ நிற்கும் போட்டோ. பாங்கில் நீதானா என்று சரிபார்க்கக் கேட்கும் கேள்விகளுக்கு அந்த ஒரு பக்கத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. வரன் கேட்டு வரும் போனைவிட எனக்கு அதுதான் பயம்.

எடுத்தவுடன் கூகுளுக்கு எழுதாதே. அவர்கள் நீக்கினாலும் தேடலில்தான் வராது, பக்கம் அங்கேயே இருக்கும். முதலில் அந்தத் தளத்துக்கு எழுது. இது போன்ற தளங்கள் குறைதீர்ப்பு அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப (ஐடி) விதிகள் சொல்கின்றன. பக்கத்தின் லிங்க், ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் வைத்து அவருக்கு மெயில் போடு. "மறைத்துவிட்டோம்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதே, அழிக்கச் சொல். கல்யாணத்துக்காகக் கொடுத்த விவரம் அது, கேட்க நீ கூச்சப்பட வேண்டியதே இல்லை. அடையாளச் சான்று கேட்டால் முழு ஆதாரை அனுப்பாதே. கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும்.

பக்கம் போன பிறகும் கூகுளில் பழைய வரிகள் கொஞ்ச நாள் தெரியலாம். காலாவதியான பக்கங்களைப் புதுப்பிக்க அவர்களிடமே தனிப் படிவம் இருக்கிறது. தளத்துக்காரர்கள் அசையவே இல்லையென்றால், போன் நம்பரும் வீட்டு முகவரியும் தேடலில் வராமல் நீக்கக் கேட்கும் படிவமும் உண்டு.

அப்புறம், கூப்பிடுபவரின் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் ஆப். ஆப்பை போனிலிருந்து எடுத்தால் மட்டும் நம்பர் போகாது. கணக்கை முடக்கிவிட்டு, அவர்கள் இணையதளத்தில் நம்பரைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே வந்துவிட்டது. ஆனால் அழிக்கச் சொல்லும் உரிமை 2027-ல்தான் நடைமுறைக்கு வருகிறது. அதுவரை நாம் காத்திருக்க முடியாது.

தரகர்களின் வாட்ஸ்அப்பில் போன உன் பயோடேட்டா பிடிஎஃப்பை முழுசாகத் திரும்பப் பெற வழியில்லை. தெரிந்த தரகர்களிடம் நானே நேரில் போய் அழிக்கச் சொல்கிறேன். நீ பாங்க் கணக்குக்கு வேறு மெயில் வைத்துக்கொள், பிறந்த தேதியில் பாஸ்வேர்டு எதுவும் இருந்தால் இன்றே மாற்று. தளத்துக்கு எழுத வேண்டிய மெயிலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறேன், இன்று இரவு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா