வேலா லூகாவுக்கு ஒரு தடவை போய் வா

அன்புள்ள மகனுக்கு,

"எங்க கிச்சன்ல வயசான செஃப் தினமும் ஒரே ஆள் பாட்டையே போடுறாரு, ஒலிவராம், தெரியுமாப்பா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறக்குமுன் அம்மா போனைப் பிடுங்கிவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

தெரியும். ஒலிவர் டிராகோயெவிச். 1947 டிசம்பரில், குரோஷியாவில் நீ இருக்கிற அதே ஸ்பிளிட்டில் பிறந்தவர். வளர்ந்தது கோர்ச்சுலா தீவின் மேற்குக் கோடியில், வேலா லூகாவில். எங்கள் கப்பல் சீஃப் இன்ஜினியருக்கும் அதுதான் ஊர். வாட்ச் முடிந்து மெஸ்ஸில் உட்கார்ந்ததும் கேசட்டைப் போட்டுவிட்டுக் கதை சொல்லுவார். ஐந்து வயதில் ஒலிவருக்கு அவர் அப்பா ஒரு மவுத் ஆர்கன் வாங்கிக் கொடுத்தாராம். ஊருக்கும் ஸ்பிளிட்டுக்கும் போய்வருகிற கப்பலில் அதை வாசித்து ஜனங்களைக் கூட்டுவானாம் பையன்.

1967இல் ஸ்பிளிட் பாட்டு விழாவில் 'பிச்சஃபெராய்' பாடினார். தெருவிளக்கு ஏற்றுகிறவன் என்று அர்த்தம். அதோடு வாழ்க்கை வெளிச்சமாகிவிடவில்லை. ஜெர்மனி, ஸ்வீடன், மெக்சிகோ என்று கிளப் கிளப்பாக வாசித்துப் பிழைத்தார். நம் பிழைப்பு மாதிரிதான், கப்பலில் ஏறினால் சைன் ஆன், இறங்கினால் சைன் ஆஃப். ஊர் திரும்பி ஸ்டென்கோ ருன்யிச் இசையில் பாட ஆரம்பித்த பிறகுதான் எல்லாம். 1975இல் வந்த 'கடல்காக்காவும் நானும்' பாட்டு அவரை எங்கேயோ கொண்டுபோய்விட்டது.

எனக்குப் பிடித்தது வேறு விஷயம். குரோஷியப் புத்தக மொழியில் 'என்ன' என்பதற்கு 'ஷ்தோ' என்பார்கள். தீவுக்காரர்களுக்கு அது 'ச்சா'. ஒலிவர் அந்தக் கடற்கரைப் பேச்சிலேயே பாடினார். நியூயார்க் கார்னகி ஹால் வரைக்கும் அதைக் கொண்டுபோனார். நானோ சென்னை ஆபீசில் ஏறினாலே 'ஏலே'வை விழுங்கிக்கொள்கிறவன்.

2018 ஜூலை 31இல் நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார். ஸ்பிளிட்டிலிருந்து ஊருக்கு உடலைக் கடல் வழியாகத்தான் கொண்டுபோனார்கள். சீஃப் எனக்கு வீடியோ அனுப்பினார். கூடவே எத்தனை படகுகள்! அதே தண்ணீர்தானே, மவுத் ஆர்கன் வாசித்துக்கொண்டு போன தண்ணீர். தோணிக்காரர் உன் தாத்தா பார்த்திருந்தால் தலைத்துண்டை அவிழ்த்திருப்பார்.

'ஒப்ரோஸ்தி மி, பாப்பே' என்று ஒரு பாட்டு உண்டு. 'மன்னிச்சிருங்கப்பா' என்று அர்த்தம். அது ஓடும்போது மட்டும் சீஃப் பேசமாட்டார். எனக்கோ அதைத் திருப்பி எழுத வேண்டும்போல இருக்கும். அப்போது நீ ஒன்றாம் வகுப்பு. ஒன்பது மாதம் கழித்து வந்து சிங்கப்பூர் ரிமோட் காரை நீட்டினேன். அம்மா முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய். "இவங்க எப்பம்மா போவாங்க?" என்று கேட்டாய். உனக்கு ஞாபகம் இருக்காது.

லீவு கிடைக்கிற அன்று கப்பலேறி வேலா லூகா போய் வா. மேல்தட்டில் காற்று பலமாக இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள். அதற்கு முன்னால் ஒருநாள் அந்த செஃப்பிடம் சொல்லி 'பாப்பே' பாட்டைப் போடச் சொல். போட்டதும் எனக்கு போன் பண்ணு. பேச வேண்டாம், பக்கத்தில் வைத்தால் போதும். அம்மா தூங்கின பிறகு பண்ணு.

அப்பா