தலைக்கவசம் கோணல் என்று எழுதியவர்களுக்கும், இனி எழுதப் போகிறவர்களுக்கும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் மட்டும் ஏழு பேர் எங்களுக்குப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். ஏழும் ஒரே படம் மாதிரி. ஸ்டார் வார்ஸ் படத்து ஸ்டோர்ம்ட்ரூப்பர் சிப்பாயின் வெள்ளைத் தலைக்கவசம், நெற்றியிலிருந்து நாடி வரை போனிலேயே ஒரு சிவப்புக் கோடு, கீழே "இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் இல்லை, மாற்றித் தாருங்கள்". ஒருவர் பாவம், அடிமட்டம் வைத்து அளந்து மில்லிமீற்றர் கணக்கில் எழுதியிருந்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் களைத்துப்போனதால் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

சுருக்கமாகச் சொன்னால், அது கோணலாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் வாங்கியது திரையில் வந்த கவசத்துக்கு அச்சொட்டான கிட், அதாவது நீங்களே வெட்டி ஒட்டிச் செய்துகொள்ள வேண்டிய, தலை முதல் கால் வரையான துண்டுகள். திரையில் வந்ததே கோணல்தான்.

1977இல் வெளியான முதல் ஸ்டார் வார்ஸ் படத்துக்கு இந்தத் தலைக்கவசங்களைச் செய்தது பெரிய தொழிற்சாலை ஒன்றுமில்லை. லண்டன் ட்விக்கென்ஹாமில் ஒரு சிறு பட்டறை. ஹவுன்ஸ்லோவில் எங்கள் வாசலில் 281ஆம் இலக்க பஸ் எடுத்தால் போய் இறங்கலாம், அவ்வளவு கிட்டத்தில். களிமண்ணில் கையால் செதுக்கிய தலை, அதிலிருந்து அச்சு, அந்த அச்சின் மேல் சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டைப் போட்டுக் கீழிருந்து காற்றை உறிஞ்சி இழுத்து எடுத்த ஓடு. முதல் கட்டளை 50 தலைக்கவசம். 1976 மார்ச்சில் துனீசியாவில் படப்பிடிப்பு. அவசரத்தில் வெட்டி, அவசரத்தில் காதைப் பொருத்தி, திருகாணி முடுக்கிப் பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். களிமண்ணிலேயே முகம் இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை, அதற்கு மேல் பொருத்தியவர் கையின் கோணல் வேறு. நாற்பது வருடத்துக்கு மேலாக ஆட்கள் அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அந்தக் கோணலைக்கூடக் கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். அதை நாங்கள் நேராக்கி அனுப்பினால், அறிந்த ஒருவர் பத்தடி தூரத்தில் நின்றே "இது கடைச் சாமான்" என்று சொல்லிவிடுவார்.

(இன்னொரு கதையும் உண்டு. இந்தத் தலைக்கவசத்தைச் சிற்பம் என்று சொல்லலாமா கூடாதா என்று படத்தைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிம் தொடுத்த வழக்கு பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வரை போனது. படத்தில் பயன்படுத்துவதற்காகச் செய்த ஒரு பொருள்தான், சிற்பம் இல்லை என்று 2011 ஜூலையில் தீர்ப்பு. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். எங்கள் பட்டறையில் யாரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.)

சரி, அப்படியானால் எது உண்மையான பழுது? கிட் கைக்கு வந்ததும் ஒவ்வொரு துண்டாக எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஆழமாக இழுபட்ட இடங்களில், முக்கியமாக முழங்கால் மடிப்பிலும் தலைக்கவசத்தின் கன்னத்திலும், தகடு மெலிந்துதான் இருக்கும். ஆனால் காகிதம் மாதிரி வெளிச்சம் விட்டால் அது பழுது. வெடிப்பு, குமிழ், சூடு போதாமல் விளிம்பு தெளிவில்லாமல் வந்த துண்டு, இவையும் பழுது. படம் அனுப்புங்கள், கேள்வி கேட்காமல் மாற்றித் தருவோம். ஆனால் ஒன்று, வெட்டுவதற்கு முன் அனுப்புங்கள். வெட்டிய பிறகு வந்தால் கத்தி செய்ததா அச்சு செய்ததா என்று எங்களால் சொல்ல முடியாது.

அடுத்த முறைப்பாடு, "பெட்டியைத் திறந்தால் உடுப்பு இல்லை, வெறும் வெள்ளைத் தகடுகள்". உண்மைதான். கிட் என்பது சட்டைத் துணி. சட்டை இல்லை. துணியைத் தையற்காரர் உங்கள் உடம்புக்குப் பார்த்து வெட்டுகிற மாதிரி, இதையும் யாராவது வெட்டத்தான் வேண்டும். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் நிற்கிற கழிவு விளிம்பை நாங்களே சீவி அனுப்பினால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். சீவலாம். ஆனால் உங்கள் தொடைச் சுற்றளவு எங்களுக்குத் தெரியாது. கூடவாக இருக்கிற பிளாஸ்டிக்கை எப்போதும் குறைக்கலாம், குறைந்துபோனதைக் கூட்டுவது பெரும்பாடு.

இந்த இடத்தில் எங்கள் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய செய்முறைத் தாளில், இரண்டாம் பக்கத்தில், கால் துண்டுகளில் மிஞ்சுவதை முன்பக்கமும் பின்பக்கமும் சரி அரைவாசியாகப் பிரித்து வெட்டச் சொல்லியிருந்தோம். அது தவறு. தொடைக்கும் கீழ்க்காலுக்கும் முன் ஓடும் பின் ஓடும் தனித்தனி. அவை முட்டுகிற இடத்தில் மேலே ஒரு மூடுபட்டி ஒட்டுவோம், கைக்கு 15 மில்லிமீற்றர் அகலம், காலின் முன்பக்கத்துக்கு 20. முன் மூட்டில் ஒவ்வொரு ஓட்டிலும் 10 மில்லிமீற்றர் தட்டையான இடம் விட்டால்தான் அந்தப் பட்டி சரியாக உட்காரும். ஆகவே முன்பக்கத்தை எல்லோரும் ஒரே அளவாகத்தான் வெட்ட வேண்டும். மெலிந்தவரோ பருத்தவரோ, உங்கள் உடம்புக்கான கூட்டல் கழித்தல் முழுக்கப் பின் மூட்டில்தான். பழைய தாளை நம்பி முன்பக்கத்தை ஒடுக்கிவிட்டவர்கள் எங்களுக்கு எழுதுங்கள், அந்தத் துண்டை எங்கள் செலவில் மாற்றித் தருகிறோம். பழைய தாளில் மேல் மூலையில் திகதி இருக்காது, புதியதில் இருக்கும்.

உடம்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. படத்தில் நடித்தவர்கள் பெரும்பாலும் ஒல்லியானவர்கள். நம்மில் கனபேர் அப்படி இல்லை. வயிற்றுத் தகட்டின் முன்னால் பொத்தான் பலகைகள் இருப்பதால் அங்கே கை வைக்க முடியாது. வயிற்றுத் தகடும் முதுகுப்பக்கத்துத் தகடும் விலாவில் சந்திக்கிற இடத்தில் அதே பிளாஸ்டிக்கில் ஒரு துண்டு சேர்த்து ஒட்டி, மூட்டு இடத்தை நிரப்பித் தேய்த்துவிட்டால் போதும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது யாருக்கும் தெரியாது. நிரப்புவதற்குக் கடையில் ஒன்றும் வாங்க வேண்டாம், வெட்டி எறிகிற விளிம்புகளைப் பொடியாக்கி அசிட்டோன் என்ற கரைப்பானில் ஊறவிட்டால் ஒரு இரவில் பசையாகிவிடும், நிறமும் அச்சொட்டாக அதே வெள்ளை. அதனால்தான் கழிவைக் குப்பையில் போட வேண்டாம் என்று தாளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம். உயரம் குறைந்தவர்கள் தொடைத் துண்டை மேலிருந்து குறையுங்கள். கீழ் விளிம்பில் ஒரு வரம்பு ஓடுகிறதே, அது திரையில் தெரிவது, அதைத் தொட வேண்டாம்.

வெட்டுவதற்கு வாள் வேண்டாம். உலோக அடிமட்டம் வைத்துக் கூரான கத்தியால் இரண்டு மூன்று தரம் மெதுவாகக் கீறி, பிறகு மடக்கினால் "டக்" என்று கோட்டோடு முறியும். வளைவான இடங்களுக்கு நாங்கள் வைத்திருக்கிற வளைந்த கத்தரிக்கோல். முதல் வெட்டைக் கவசத்தில் போட வேண்டாம். இனிமேல் ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கழிவுத் தகடு வைக்கிறோம், கையைப் பழக்குவதற்கு.

பசையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. பெட்டியில் ஏன் சூப்பர்க்ளூ இல்லை, ஈ6000 மட்டும் இருக்கிறது, அது காய ஒரு நாளுக்கு மேல் எடுக்கிறதே என்று கோபப்படுகிறீர்கள். சூப்பர்க்ளூ கண்ணாடி மாதிரி இறுகும். நடக்கும்போது கால் ஓடு ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் விரிந்து சுருங்கும், இறுகின மூட்டு அதைத் தாங்காமல் ஒருநாள் பிளக்கும், பிளக்கும்போது பிளாஸ்டிக்கையும் பிய்த்துக்கொண்டு போகும். ஈ6000 காய்ந்த பிறகும் இறப்பர் மாதிரி இருக்கும். அதைவிட முக்கியம், பிழையாக ஒட்டிவிட்டால் பொறுமையாக உரித்து எடுத்து மறுபடி ஒட்டலாம். முதல் கிட்டில் பிழை விடாதவர் யாரையும் நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை, எங்களையும் சேர்த்து. ஒட்டிய மூட்டின் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று காந்தங்களைக் கவ்வ வைத்து இரண்டு நாள் விட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் கராஜில் ஒட்டினால் இரண்டு நாள் போதாது, பெட்டியை வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். ஆனால் அதன் வாடை தலையிடி தரும், யன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தை தூங்குகிற அறை வேண்டவே வேண்டாம்.

அசிட்டோன் நிரப்புகிற பசைக்கு மட்டும்தான். பெயின்ட் பிசகிவிட்டது என்று நகப்பூச்சு நீக்குகிற திரவத்தால் துடைத்து முகத்தின் பளபளப்பையே கரைத்துவிட்ட ஒருவர் எங்களிடம் வந்தார். அதற்கு மருந்து இல்லை, புது ஓடுதான்.

பெயின்ட் என்றதும் மறுபடி கோணலுக்கு வருகிறோம். கவசத்துக்கு வெள்ளை அடிக்க வேண்டாம், எங்கள் கிட்டின் ஏபிஎஸ் பிளாஸ்டிக் தகட்டின் சொந்த நிறமே போதும். அசலில் சாதாரணச் சிப்பாய்களின் தலைக்கவசம் எச்டிபிஈ என்ற வேறு பிளாஸ்டிக்கில் இழுத்து எடுத்து மேலே வெள்ளை அடித்தது, அதில் பெயின்ட் பிடிக்காமல் செதில் செதிலாக உரிந்தது. அந்த அளவுக்கு அச்சொட்டாக இருக்க வேண்டியதில்லை என்பது எங்கள் அபிப்பிராயம். கன்னத்துக் குழாய்களில் வரும் நீலக் கோடுகளுக்கு ஹம்ப்ரோல் பெயின்டில் 14ஆம் இலக்கம், வாய்க்கும் கண்ணடியில் உள்ள அடையாளங்களுக்கும் ஹம்ப்ரோல் 5 சாம்பல், கறுப்புக்கு 85. மூன்று சிறு டின்னும் பெட்டியில் இருக்கின்றன. முதல் படத்தில் இந்தக் கோடுகளைக் கையால் வரைந்தார்கள், கை நடுங்கியதும் தெரியும். ஒட்டுவில்லை வாங்கி ஒட்டலாமா என்று கேட்பவர்களுக்கு, ஒட்டலாம், வடிவாகவும் இருக்கும், ஆனால் அது முதல் படத்துச் சிப்பாய் இல்லை. பென்சிலால் கோடு போட்டு, மெல்லிய தூரிகையால் நிரப்புங்கள். கொஞ்சம் பிசகினால் விட்டுவிடுங்கள்.

எத்தனை நாள் எடுக்கும்? பழகிய கைக்கே எங்கள் பட்டறையில் அறுபது மணித்தியாலத்துக்குக் குறையாது. மாலையில் வேலை முடிந்து வந்து செய்கிறவருக்கு இரண்டு மூன்று மாதம். அடுத்த கிழமை மகனுக்குப் பிறந்தநாள், அதற்குள் முடியுமா என்று கேட்டுக் காசு கட்ட வேண்டாம். கட்டினால் திருப்பி அனுப்புவோம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

501ஆவது லீஜனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1997இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் தொடங்கிய தொண்டர் அமைப்பு, இன்று உலகம் முழுக்க இருக்கிறது. இதே உடுப்போடு மருத்துவமனைப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள், நிதி சேர்க்கிறார்கள், சம்பளம் கிடையாது, பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். அவர்கள் பார்ப்பது கிட்டை இல்லை, நீங்கள் அணிந்து நிற்கிற முடிந்த உடுப்பை. எங்களிடம் வாங்கினால் சேர்த்துக்கொள்வார்கள் என்று யாரோ சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்விப்பட்டோம். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. ஒட்டத் தொடங்குவதற்கு முன்பே அவர்களுடைய அளவுகோலை வாசித்துவிடுங்கள், கைவிளிம்பில் உள்மடிப்பு இருக்கலாமா, பொத்தானுக்கு என்ன நிறம் என்பது வரை படத்தோடு போட்டிருக்கிறார்கள். இடது முழங்காலில் உள்ள தகட்டை வலதில் ஒட்டிவிட்டு வந்தவர்கள் உண்டு.

அணிந்த பிறகு வரும் முறைப்பாடுகளுக்கு எங்களிடம் நிவாரணம் இல்லை. உட்கார முடியவில்லை என்கிறீர்கள். படத்தில் நடித்தவர்களாலும் முடியவில்லை. கீழே குனிந்து பார்த்தால் கால் தெரியவில்லை, பக்கத்தில் வருபவர் தெரியவில்லை என்கிறீர்கள். அந்தப் படத்திலேயே ஒரு சிப்பாய் அறைக்குள் வரும்போது கதவில் மண்டையை இடித்துக்கொள்வார், 2004இல் டிவிடி போட்டபோது அதற்கு ஒரு இடிச் சத்தத்தையும் சேர்த்துவிட்டார்கள். அதனால் தனியாகப் போக வேண்டாம். கூட ஒருவர், தண்ணீர்ப் போத்தலும் உறிஞ்சியும், ஒரு சுருள் வெள்ளை டேப், அப்புறம் போவதற்கு முன் ஒருமுறை கழிப்பறை. கடைசியாகச் சொன்னதைச் சிரித்துவிட்டு மறந்தவர்கள் பிறகு எங்களுக்கு எழுதியிருக்கிறார்கள்.

பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்களுக்கு அளவெடுக்கும் வரைபடம் புதிய தாளோடு வருகிறது. லண்டனில் இருப்பவர்கள் சனிக்கிழமை காலையில் பட்டறைக்கே வரலாம், முதல் மூட்டு இடத்தை நாங்கள் பக்கத்தில் நின்று வெட்டித் தருகிறோம், அதற்குக் காசு இல்லை. உள்ளே போடுகிற இறுக்கமான கறுப்பு உடுப்பை மட்டும் அணிந்துகொண்டு வாருங்கள். போன கிழமை ஒருவர் ஜீன்ஸோடு நின்று தொடையை அளக்கச் சொன்னார், அளந்தோம், இப்போது அந்தக் கவசத்துக்குள் அவரும் அவர் தம்பியும் சேர்ந்தே போகலாம்.

அன்புடன்,
பட்டறையில் உள்ள நாங்கள் மூவரும்