சுவருக்கு வெள்ளையடிக்க யார் காசு?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆவடியில் பன்னிரண்டு வருடமாக வாடகைக்குக் குடியிருக்கிறேன். இப்போது இருப்பது ஐந்தாவது வீடு. முந்தைய நாலு வீட்டையும் காலி செய்தபோது, பெயிண்ட் அடிக்கணும் என்று சொல்லி அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கொடுத்தார்கள். முதல் மூன்று தடவையும் ஊர் வழக்கம் என்று நானும் வாயை மூடிக்கொண்டு வாங்கி வந்துவிட்டேன். நாலாவது வீட்டில் நடந்ததைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அது கோவில்பதாகை பக்கம், கீழ் போர்ஷன், வாடகை 12,000, அட்வான்ஸ் 80,000. மூன்று வருடம் இருந்தோம். போர் தண்ணீர் உப்பு, அதோடு தரைத்தளம், கேட்க வேண்டுமா, முதல் மழைக்காலத்திலேயே ஹால் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, சுண்ணாம்பு பூரித்துப் பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்துவிட்டது. தினமும் காலையில் என் மனைவி பெருக்கினால் முறத்தில் பாதி எங்கள் குப்பை, பாதி சுவர். ஓனரம்மாவிடம் இரண்டு தடவை சொன்னோம். "பழைய வீடுன்னா அப்படித்தான் தம்பி" என்றார். சரி, விட்டுவிட்டோம்.

காலி செய்த அன்று அதே அம்மா டார்ச்சோடு வந்தார். சாமான் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டது, காலி ஹாலில் நானும் என் பையனும் நிற்கிறோம், அவர் ஆணி அடித்த ஓட்டைகளை எண்ணுகிறார். பதினாலு. அதில் நாங்கள் அடித்தது ஐந்தோ ஆறோதான், காலண்டருக்கு, கடிகாரத்துக்கு, சாமி படத்துக்கு. மீதி எங்களுக்கு முன்னால் இருந்தவர்களுடையது. அதை எப்படி நிரூபிப்பது? ஆணிக்குப் பெயரா எழுதியிருக்கிறது? கடைசியில் பெயிண்டுக்கு 12,000, கரண்ட் பாக்கி 1,140, பாத்ரூம் குழாய் சொட்டுகிறது என்று 600, மொத்தம் 13,740 பிடித்தம். மிச்சம் 66,260. அதிலும் அன்றைக்குக் கையில் கொடுத்தது 40,000தான். "அடுத்து வர்றவங்க அட்வான்ஸ் கொடுத்ததும் தர்றேன்" என்றார். மீதி வந்து சேர நாற்பத்தைந்து நாள் ஆயிற்று.

அந்த மிச்சப் பணத்தை வாங்கப் போனபோதுதான் அந்தக் கூத்து. புதுக் குடித்தனம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கதவு திறந்திருந்தது, அந்த வீட்டுப் பெண் தண்ணீர் குடிக்கச் சொல்லி உள்ளே கூப்பிட்டார். ஹால் சுவர் அப்படியே உதிர்ந்துகொண்டு இருக்கிறது. அது கூடப் பரவாயில்லை. கதவுக்குப் பின்னால், சப் மீட்டர் ரீடிங்கை மாதா மாதம் என் மனைவி பென்சிலால் எழுதி வைப்பார், தேதியோடு. மூன்று வருடக் கணக்கும் வரிசையாக அங்கேயே இருக்கிறது. கடைசி வரி நாங்கள் காலி செய்த தேதி. ஒரு பிரஷ் கூட அந்தச் சுவரைத் தொடவில்லை. இந்தக் குடும்பமும் நாளைக்குப் போகும்போது பெயிண்டுக்கு 12,000 கொடுக்கும், அல்லது அதற்குள் வாடகை ஏறி 14,000 கொடுக்கும். அடிக்காத பெயிண்டுக்கு ஒரே சுவர் எத்தனை பேரிடம் வசூல் செய்யும் என்று எனக்குப் புரியவில்லை.

வந்த எரிச்சலில் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கென்று 2017-இல் ஒரு சட்டம் போட்டு, 2019 பிப்ரவரியில் இருந்து அமலில் இருக்கிறது. 1960-ஆம் வருடத்துப் பழைய வாடகைச் சட்டத்தை எடுத்துவிட்டுக் கொண்டுவந்தது இது. எங்கள் ஊர் மாநகராட்சி ஆனதும் அதே 2019-இல்தான், அது மட்டும் எல்லாருக்கும் தெரியும், வரி ஏறியதே! அந்தச் சட்டத்தின் கடைசியில் இரண்டாம் அட்டவணை என்று ஒன்று உண்டு, எந்த வேலை யார் செலவு என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட், தேவைப்பட்டால் குழாய் மாற்றுவது, வயரிங், எல்லாம் வீட்டு உரிமையாளர் பக்கம். குழாய் வாஷர் மாற்றுவது, அடைப்பெடுப்பது, சுவிட்ச், பிளக் பாயிண்ட், உடைந்த கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் பக்கம். ஆக அந்த 600 நான் கொடுக்க வேண்டியதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. 12,000 என் கணக்கில் வரவே கூடாதது. வேண்டுமென்றே நாசம் செய்தால் பிடிக்கலாம், புழங்கித் தேய்ந்ததற்குப் பிடிக்க முடியாது. அட்வான்ஸையும் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் பார்த்தேன், வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் ஒழிய என்று முன்னாலேயே ஒரு கொக்கி போட்டு வைத்திருக்கிறார்கள். எழுதிக் கொடுப்பதே ஓனர் டைப் செய்துகொண்டு வரும் ஒப்பந்தம், அதில் எட்டு மாதம் பத்து மாதம் என்று போட்டால் முடிந்தது கதை. இந்தச் சட்டத்தை எழுதியவர் வாடகை வீட்டில் இருந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஒப்பந்தத்தை ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும், தகராறு வந்தால் துணை ஆட்சியர் நிலையில் இருக்கும் வாடகை அதிகாரியிடம் போகலாம் என்பதெல்லாமும் இருக்கிறது. எங்கள் தெருவில் பதினேழு வீடு, பாதிக்கு மேல் வாடகை, நான் விசாரித்த வரைக்கும் பதிவு செய்த ஒப்பந்தம் யாரிடமும் இல்லை. பதிந்தால் வருமான வரிக்காரன் வருவான் என்று ஓனர்களுக்குப் பயம். கேட்டால் வீடு கிடைக்காது என்று நமக்குப் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் பதிவு செய்யாத பதினோரு மாத ஒப்பந்தம் சுகமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓனரம்மா கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. என் மனைவிக்கு டெங்கு வந்தபோது பதினைந்து நாள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர். கணவர் தொழிற்சாலையில் வேலை பார்த்து, ரிட்டையர் ஆன பணத்தில் கட்டிய வீடு, அவர் போன பிறகு வாடகைதான் வருமானம். நாங்கள் கொடுத்த 80,000 மாடியில் ஷீட் போடுவதில் என்றைக்கோ கரைந்துவிட்டது, அதனால்தான் அடுத்தவர் அட்வான்ஸ் வந்தால்தான் முந்தியவருக்குக் கொடுக்க முடிகிறது. இந்தப் பக்கம் பல ஓனர்கள் நிலைமை இதுதான், அண்ணாநகர் பங்களாக்காரர்கள் இல்லை. பெயிண்ட் காசு பிடிப்பது தவறு என்பதே அவருக்குத் தெரியாது. சட்டத்தைச் சொன்னேன். "அப்படியா? ஊரே பிடிக்குதே" என்றார். பொய் இல்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். பணம் மட்டும் திரும்பவில்லை.

கரண்ட் விஷயமும் இதே மாதிரிதான். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசு இலவசமாகத் தருகிறது. மூன்று போர்ஷனுக்கு ஒரே இணைப்பு, மற்றதெல்லாம் சப் மீட்டர், எங்களுக்கு முதல் யூனிட்டில் இருந்தே ஒன்பது ரூபாய். இலவசம் என்ற வார்த்தையை டிவியில் மட்டும்தான் பார்த்திருக்கிறோம். அதைத் தனிக் கடிதமாகத்தான் எழுத வேண்டும்.

பட்டாபிராமில் 2024 கடைசியில் டைடல் பார்க் திறந்த பிறகு இங்கே டு-லெட் போர்டு தொங்கினால் ஒரு வாரம் கூட நிற்பதில்லை. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, ஓனருக்கு எட்டு மாதம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிற என்னைப் போன்றவனுக்கு இது நகையை வைத்துப் புரட்டுகிற பணம். அதில் கையெழுத்துப் போடும் அவசரத்தில் யார் சட்டம் பேசுவது?

மாநகராட்சியிடம் நான் கேட்பது ஒன்றுதான். சொத்து வரி கட்ட எல்லா ஓனரும் வருகிறார்கள். அந்த கவுண்டரிலும் இ-சேவை மையத்திலும் இரண்டாம் அட்டவணையைப் பெரிய எழுத்தில், தமிழில், ஒரு பக்கம் ஒட்டி வையுங்கள். வரி ரசீதோடு ஒரு தாள் கொடுத்தால் இன்னும் நல்லது. பெரிய செலவு இல்லை. உங்கள் பத்திரிகையும் அந்த அட்டவணையை ஒரு நாள் அப்படியே போட்டால், வெட்டி எடுத்து பர்ஸில் வைத்துக்கொள்ள நிறைய பேர் இருக்கிறோம்.

இப்போது இருக்கும் வீட்டின் ஒப்பந்தத்தில் ஒன்பதாவது வரி, காலி செய்யும்போது பெயிண்டிங் செலவுக்கு ஒரு மாத வாடகை பிடித்தம் செய்யப்படும் என்பது. அந்த வரியை அடித்துவிடும்படி ஓனரிடம் சொன்னேன். "அப்போ வேற இடம் பாத்துக்கோங்க சார்" என்றார். பள்ளி திறக்க இரண்டு நாள் இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டேன். குடிவந்த அன்றைக்கே, சாமான் இறக்குவதற்கு முன்னால், நாலு சுவரையும் ஆணி ஓட்டைகளோடு போனில் போட்டோ எடுத்து ஓனர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு ஓட்டை. நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
வாடகை வீட்டுக்காரன்,
ஆவடி.