ஐஸ் கட்டியும் இரும்பு மாத்திரையும்

பாப்பா,

பசியாறினாயா? தீபாவளிக்கு நீ பினாங்கு வந்திருந்தபோது லெபோ பாசார் கடையில் லிமாவ் ஐஸைக் குடித்து முடித்த பிறகும் கிளாஸைச் சாய்த்துச் சாய்த்து ஐஸ் கட்டிகளை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தாய். எனக்கு அப்போதே திக்கென்றது. உடம்பில் இரும்பு குறைந்தால் சிலருக்கு இந்த ஆசை வரும். நானும் ராத்திரி எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் தின்றவள்தான். அதனால் நேற்று நீ ஹீமோகுளோபின் 9.4 என்றபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகை.

"மாதவிலக்குதான் காரணம், இரும்பு மாத்திரை போதும்" என்றார்களாம். அதுவும் இருக்கலாம். ஆனால் எனக்கும் 3 வருடம் அதையேதான் சொன்னார்கள். மாத்திரை போட்டால் மலம் கறுக்கும், மலச்சிக்கல் வரும், எண் கொஞ்சம் ஏறும். நிறுத்தினால் மறுபடி இறங்கும். உன் அத்தை கட்டுக் கட்டாக முருங்கைக்கீரை கொண்டுவந்து போட்டதுதான் மிச்சம். கடைசியில் ஒரு டாக்டரம்மா, "சாப்பிட்டதும் வயிறு உப்புகிறதா?" என்று கேட்டார். அதுவரை யாரும் என் வயிற்றைப் பற்றிக் கேட்கவே இல்லை.

காரணம் என் வயிற்றில் இருந்த ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. இரைப்பைச் சுவரில் வருடக்கணக்காகக் குடியிருந்து அதைப் புண்ணாக்கும். நாளாக நாளாக அமிலம் குறைந்துபோகும். சாப்பாட்டில் உள்ள இரும்பைக் குடல் உறிஞ்சும்படி மாற்றித் தருவதே அந்த அமிலம்தான். புண்ணாகிவிட்டால் கண்ணுக்குத் தெரியாமல் இரத்தமும் கசியும். கீரை என்ன செய்யும், பாவம்.

ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் என்ற டாக்டர், வயிற்றுப் புண்ணுக்கு இந்தக் கிருமிதான் காரணம் என்று சொன்னதை யாரும் நம்பவில்லை என்று 1984-இல் அதைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார். அவரைப் பெற்றவள் என்ன பாடுபட்டாளோ.

நம் மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் இந்தக் கிருமி அதிகம். பெரும்பாலும் சின்ன வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே தொற்றிக்கொள்கிறது. உன் சோற்றை நான் வாயில் வைத்துச் சூடு பார்த்துத்தானே ஊட்டினேன். அதை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை.

மூச்சுச் சோதனை என்று கேள். வெறும் வயிற்றில் ஒரு பையில் ஊதவேண்டும், கொடுப்பதைக் குடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து மறுபடி ஊதவேண்டும், அவ்வளவுதான். நீ போட்டுக்கொண்டிருக்கும் நெஞ்செரிச்சல் மாத்திரையை டாக்டரிடம் சொல். 2 வாரம் முன்பே அதை நிறுத்தாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடலாம். கிருமி இல்லையென்றால் நல்லது, வேறு காரணம் தேடட்டும். இருந்தால் எனக்குக் கொடுத்த மாதிரி 14 நாள் மருந்து. வாயெல்லாம் கசக்கும், பாதியில் விட்டுவிடாதே. எனக்கு அதற்குப் பிறகுதான் அதே இரும்பு மாத்திரை வேலை செய்தது. 4 மாதத்தில் 12.3.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கோலாலம்பூர் வருகிறேன். ஐஸ் டிரேயை ஒளித்துவைக்காதே, வந்ததும் முதலில் ஃப்ரிட்ஜைத்தான் திறப்பேன்.

அம்மா